பிவிசி குழாயில் நிற்கும் தோட்டம்: பல்லடத்து மொட்டைமாடியில் பழகிய செய்முறை

கொங்கு நாட்டில் தோட்டம் வைத்திருப்பவர் எவருடைய சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) போனாலும், கூரைக்கு அடியில் ஓரிரண்டு பிவிசி குழாய்த் துண்டுகள் செருகிக் கிடப்பதைப் பார்க்கலாம். ஆழ்துளைக் கிணறு போட்டபோது மிஞ்சிய நீல நிறக் கேசிங் பைப்பாகவோ, கிணற்றிலிருந்து தொட்டிக்கு லைன் இழுத்தபோது மீந்த சாம்பல் நிறக் குழாயாகவோ அது இருக்கும். தூக்கிப் போட மனம் வராமலும், எடுத்துப் பயன்படுத்த வேலை வராமலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் அப்படியொரு துண்டைக் கொண்டு, ஏறத்தாழ ஒரு சதுர அடி இடத்தில் 18 செடிகளை நிறுத்தும் கோபுரம் ஒன்றைச் செய்யும் முறையை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

குழாயை அறுப்பதும் வளைப்பதும் ஒரு பகல் வேலைதான். அதற்குள் தண்ணீரை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக நிறுத்துவதில்தான் எல்லாச் சிரமமும் இருக்கிறது. மண்தொட்டி நாற்புறமும் வியர்க்கும். மிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியேற்றி, வேரையும் குளிர்ச்சியாக வைத்திருக்கும். பிவிசி குழாய் வியர்ப்பதில்லை. ஊற்றிய நீர் அடியில் போய்த் தேங்கும். மேல்முனை மட்டும் வெயிலில் காயும். நான் முதலில் செய்த கோபுரம் 110 மி.மீ. குழாயில், வட்ட ஓட்டைகள் போட்டுச் செய்தது. இரண்டே மாதத்தில் அடி வரிசைப் புதினா அழுகியது, மேல் வரிசைப் புதினா கருகியது, நடு வரிசை மட்டும் பச்சையாக நின்றது. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் வட்ட ஓட்டைகள் வழியாக மண் வேறு கரைந்து இறங்கி, தளத்தில் செம்பட்டையாகக் கோடு விழுந்தது. பிறகு ஓர் ஆடி மாத இரவில் காற்று அதைச் சாய்த்தே விட்டது. கீழே சொல்லும் அளவுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கோபுரம் கற்றுக்கொடுத்தவை.

எந்தக் குழாயை எடுப்பது

கடையில் ஆறு அங்குலம் என்று கேட்டால் தரப்படும் 160 மி.மீ. குழாயே இதற்கு ஏற்றது. நான்கு அங்குலக் குழாயான 110 மி.மீ. அளவில் ஒரு மீட்டர் நீளத்துக்கு எட்டரை லிட்டர் மண்கலவைதான் கொள்ளும். 160 மி.மீ. குழாயில் அதுவே 18 லிட்டர் கொள்ளும். விட்டம் ஒன்றரை மடங்கு கூடினால் கொள்ளளவு இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. சித்திரை வெயிலில் ஒருநாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் செடி தாங்குமா என்பதை இந்த வேறுபாடுதான் முடிவு செய்கிறது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது சுவரின் கனம். விவசாயக் குழாய்களை இரண்டரைக் கிலோ, நான்கு கிலோ, ஆறு கிலோ என்று அவை தாங்கும் அழுத்தத்தை வைத்துப் பிரித்து விற்பார்கள். இரண்டரைக் கிலோ குழாய் மலிவு என்றாலும், சூடுபடுத்தும்போது அப்பளம்போல் சுருண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். நான்கு கிலோவுக்குக் குறையாமல் வாங்குங்கள். கழிவுநீர்க்கான எஸ்டபிள்யூஆர் குழாய் கிடைத்தால் அதில் பி வகையைக் கேளுங்கள். 160 மி.மீ. அளவில் ஏ வகையின் சுவர் குறைந்தது 3.2 மி.மீ. கனமும், பி வகையின் சுவர் குறைந்தது 4 மி.மீ. கனமும் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒருமுறை கடையில் பி என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி எடுத்து வந்து, வீட்டில் அச்சைப் படித்த பிறகுதான் ஏ என்று தெரிந்தது. குழாயின் மேல் நீளவாக்கில் அச்சிட்டிருக்கும் வரியைக் கடையிலேயே படித்துவிடுவது நல்லது. கேசிங் பைப் துண்டு கைவசம் இருந்தால் அதைவிட உறுதியானது வேறில்லை. ஆனால் சுவர் தடிமனாக இருப்பதால் சூடேறக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

பழைய குழாயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிவிசி குழாய் வெயிலுக்கும் சூட்டுக்கும் சிதையாமல் இருக்க முன்பெல்லாம் ஈயச் சேர்மங்களைக் கலந்து வந்தார்கள். அதைப் படிப்படியாக நீக்குவதற்கான மத்திய அரசின் விதிகள் 2021-ல்தான் அறிவிக்கப்பட்டன. ஆகவே சாளையில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் குழாயைப் பத்துமணிப் பூவுக்கும் அழகுச் செடிகளுக்கும் வைத்துக்கொண்டு, கீரை, புதினா போன்ற உண்ணும் செடிகளுக்கு ஈயமற்றது என்று அச்சிட்ட புதுக் குழாயை வாங்குவதே என் வழக்கம்.

20 அடிக் குழாய் ஒன்றை நான்காக அறுத்தால், ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் உயரத்தில் நான்கு கோபுரங்கள் வரும். கீழே தரும் அளவுகள் அப்படியொரு துண்டுக்கானவை.

மற்றப் பொருள்களாக, 20 லிட்டர் காலி பெயின்ட் வாளி ஒன்று, 130 செ.மீ. நீளத்தில் 32 மி.மீ. குழாய், அதற்கு ஒரு மூடி, 24 செ.மீ. நீளத்தில் 8 மி.மீ. கம்பித் துண்டுகள் இரண்டு, சிமென்ட், எம்-சாண்ட், முக்கால் அங்குல ஜல்லி, நிழல்வலைத் துண்டு, தேங்காய் நார் ஆகியவை வேண்டும். கருவிகளில் ஆக்ஸா பிளேடு, டிரில்லிங் மெஷின், வெப்பக்காற்றுத் துப்பாக்கி, ரசமட்டம் இருந்தால் போதும். வெப்பக்காற்றுத் துப்பாக்கி பெரிய ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். நான்கு கோபுரம் செய்வதற்காக அதை விலைக்கு வாங்குவது வீண், ஒருநாள் வாடகைக்கு எடுத்தாலே வேலை முடிந்துவிடும்.

குறியிடுதலும் அறுத்தலும்

160 மி.மீ. குழாயின் சுற்றளவு 50 செ.மீ.யைச் சற்றே தாண்டும். வளைந்த பரப்பில் அளவுகோலை வைத்துச் சமமாகப் பிரிக்க முயன்றால் கை நழுவிக்கொண்டே இருக்கும். அதைவிட, பழைய செய்தித்தாளைப் பட்டையாகக் கிழித்துக் குழாயைச் சுற்றி, முனைகள் சந்திக்கும் இடத்தில் வெட்டி, அந்தப் பட்டையை மூன்றாக மடியுங்கள். மடிப்புகளே மூன்று சம பாகங்களைக் காட்டிவிடும். அந்த மூன்று புள்ளிகளிலிருந்தும் குழாயின் நீளத்துக்கு நேர்கோடு இழுத்துக்கொள்ள வேண்டும். பட்டையைப் பாதி மடிப்பு நகர்த்தி, முதல் கோடுகளுக்கு இடையே இன்னும் மூன்று கோடுகள் இழுக்க வேண்டும்.

குழாய்ச் சுவரில் கீற்று அறுத்து, சூடுபடுத்திப் பிதுக்கி எடுக்கும் பைகளில்தான் செடிகள் நிற்கும்; ஒரு வளையத்துக்கு மூன்று பைகள். அடியிலிருந்து 35 செ.மீ. உயரத்தில் முதல் வளையம் தொடங்குகிறது. அதன் மேல் 20 செ.மீ.க்கு ஒன்றாக 55, 75, 95, 115, 135 என்று ஆறு வளையங்கள். ஒற்றைப்படை வளையங்களின் பைகள் முதல் மூன்று கோடுகளின் மேலும், இரட்டைப்படை வளையங்களின் பைகள் அடுத்த மூன்று கோடுகளின் மேலும் வர வேண்டும். இப்படி மாற்றி மாற்றி அமைத்தால், ஒரு செடியின் தலைக்கு நேர் மேலே அடுத்த செடி வராது; குழாயும் ஒரே கோட்டில் பலவீனப்படாது. ஒவ்வொரு பைக்கும் கோட்டை நடுவாக வைத்து 11 செ.மீ. நீளத்துக்குக் கிடைமட்டமாக ஒரு கீற்று குறியுங்கள். இரண்டு கீற்றுகளுக்கு இடையே ஐந்தரை செ.மீ.க்குக் குறையாமல் முழுச் சுவர் மிஞ்சும். கீற்றை 13 செ.மீ. ஆக்கினால் பெரிய செடி வைக்கலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால், சூடுபடுத்தும்போது குழாய் இடுப்பொடிந்து நிற்கும்.

கீற்றின் இரு முனைகளிலும் முதலில் 6 மி.மீ. துளை போட்டுவிட்டுத்தான் அறுக்க வேண்டும். கூரான முனையோடு விட்ட கீற்று, பின்னால் வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கும்போது அந்த முனையிலிருந்தே விரிசல் விடும். வட்டத் துளையில் முடியும் கீற்று அப்படி ஓடுவதில்லை. ஆக்ஸா பிளேடை ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துத் துளைக்குள் விட்டு அறுக்கலாம். கட்டிங் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பிவிசி தூள் மூக்கிலும் கண்ணிலும் ஏறும் என்பதால் முகத்துணியும் கண்ணாடியும் இல்லாமல் தொடங்காதீர்கள். அறுத்த தூளையும் துண்டுகளையும் கூட்டி அடுப்பில் போடுவது கூடவே கூடாது. பிவிசி எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வரும். பழைய இரும்புக் கடைக்காரர் துண்டுகளை எடைக்கு எடுத்துக்கொள்வார்.

சூடுபடுத்திப் பை எடுத்தல்

நம் பக்கத்துத் தோட்டங்களில் பைப் லைன் போடுபவர்களுக்கு இந்த வேலை புதியதன்று. சாக்கெட் கைவசம் இல்லாதபோது குழாயின் முனையைத் தீயில் வாட்டி, இளகியதும் இன்னொரு குழாயை அதற்குள் செலுத்தி இணைப்பதை அவர்கள் பல காலமாகச் செய்து வருகிறார்கள். எங்கள் கிணற்றுக்கு லைன் போட்ட அண்ணன் ஒருவரிடம் பதம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். “தோலாட்ட வளையோணுமுங்க, பொகஞ்சா போச்சுங்க” என்றார். இந்த வேலைக்கு இதைவிடத் துல்லியமான இலக்கணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பிவிசி ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். அந்த நிலையில் குழாயின் மினுமினுப்பு சற்று மாறும்; கையுறை போட்ட விரலால் அழுத்தினால் அமுங்கி, மெல்ல மீளும். இன்னும் சூடு ஏறினால் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, மூக்கை அரிக்கும் நெடி வரும். அந்த நெடி வந்தால் துப்பாக்கியை உடனே விலக்கிவிட வேண்டும். காற்றோட்டமான திறந்த வெளியில், காற்று அடிக்கும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு இதைச் செய்யுங்கள். அடைத்த அறையில் ஒருபோதும் செய்யக் கூடாது. தென்னை மட்டைத் தீயில் வாட்டுவது முனையை இளக்குவதற்குச் சரி. குழாயின் நடுவில் ஒரு கையகலத்தை மட்டும் இளக்க வேண்டிய இந்த வேலைக்குத் தீ கட்டுப்படாது.

பை எடுக்க ஐந்து செ.மீ. தடிமனில், ஒரு முனையைப் பம்பரம்போல் குறுக்கிச் செதுக்கிய மரக்கட்டை ஒன்று தேவை. நான் சவுக்குக் கட்டையைச் செதுக்கி வைத்திருக்கிறேன். கண்ணாடிப் பாட்டிலைப் பயன்படுத்துபவர்களும் உண்டு; சூட்டில் விரிசல் விட்டுக் கையைக் கிழித்துவிடும் என்பதால் அது எனக்கு உகப்பில்லை. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும், திருப்பூர்க்காரர் வீடுகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் பனியன் வேஸ்ட் துணியும் இருக்கட்டும்.

குழாயைக் கிடத்தி, அது உருளாமல் இருபுறமும் செங்கல் வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியை நான்கு விரற்கடை தூரத்தில் பிடித்து, கீற்றுக்கு மேலும் கீழும் ஏழெட்டு செ.மீ. பரப்பில் கோலம் போடுவதுபோல் இடைவிடாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அந்த இடம் கருகும், பக்கத்து இடம் விறைப்பாகவே இருக்கும். நான்கு மி.மீ. சுவருக்கு இரண்டிலிருந்து மூன்று நிமிடம் பிடிக்கும். இளகியதும் மரக்கட்டையைக் கோபுரத்தின் மேற்புறத்திலிருந்து அடிப்புறம் நோக்கிச் சாய்வாகக் கீற்றுக்குள் செலுத்துங்கள். கீற்றின் கீழுதடு வெளியே பிதுங்கிப் பையாகும். மேலுதடு சற்றே உள்ளே மடங்கும். இரண்டும் சேர்ந்து ஒரு தவளை வாயைத் திறந்ததுபோல் தெரிந்தால் சரியான வடிவம் வந்துவிட்டது. கட்டையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, நனைத்த பனியன் துணியை அதன்மேல் போர்த்தி ஒரு நிமிடம் பொறுங்கள். துணி போட்டதும் புஸ்ஸென்று ஆவி எழும்பி அடங்கும். அதற்குமுன் கட்டையை உருவினால் பை பழைய இடத்துக்கே திரும்பிப் போகும். பிவிசிக்குப் பழைய வடிவத்தின் நினைவு அவ்வளவு சீக்கிரம் போகாது.

வெளியே பிதுங்கிய உதடு சுவரிலிருந்து நான்கு செ.மீ. தள்ளி நின்றால் போதும். அந்த உள்மடிந்த மேலுதடுதான் இந்த அமைப்பின் உயிர். மேலிருந்து இறங்கும் மண்ணையும் நீரையும் குழாயின் உட்புறமாகத் திருப்பிவிடுவது அதுதான். என் பழைய கோபுரத்தின் வட்ட ஓட்டைகளில் அது இல்லாததால்தான் மண் கரைந்து வழிந்தது. முதல் இரண்டு பைகள் கோணலாக வருவது இயல்பு. அவற்றை அடி வரிசையில், சுவரைப் பார்த்த பக்கத்தில் வரும்படி தொடங்கினால் யாருக்கும் தெரியாது.

பைகள் முடிந்ததும் 120-ம் எண் உப்புத்தாளால் வெளிப்பரப்பைத் தேய்த்து, வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட் அடியுங்கள். சாம்பல் நிறக் குழாய் பங்குனி வெயிலை உறிஞ்சி வேரை வேகவைத்துவிடும். வெள்ளைப் பூச்சு சூட்டைக் குறைப்பதோடு, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் குழாயை நொறுங்கச் செய்வதையும் தள்ளிப் போடும். தேய்க்காமல் அடித்த பெயின்ட் ஆறு மாதத்தில் பட்டை பட்டையாக உரியும்.

காற்றுக்கு நிற்கும் அடித்தளம்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்றைப் பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பகுதிக்காரர்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இத்தனை காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று ஒன்றரை மீட்டர் குழாயை விட்டுவைக்குமா? ஈரக் கலவையோடு கோபுரம் முப்பது கிலோவுக்கு அருகில் வரும், அதன் எடை முழுவதும் உயரத்தில் பரவியிருக்கும். ஆகவே அடியில் அதே அளவு எடை இருந்தாக வேண்டும்.

குழாயின் அடியிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு இரண்டு கம்பித் துண்டுகளைச் சிலுவைபோல் செருகுங்கள். பிவிசி வழவழப்பானது, கான்கிரீட் அதைப் பிடிக்காது, இந்தக் கம்பிகளைத்தான் பிடிக்கும். குழாயை வாளியின் நடுவில் நிறுத்தி, ரசமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்து, நான்கு திசையிலும் கயிறு கட்டி அசையாமல் செய்துகொள்ளுங்கள். 3 லிட்டர் சிமென்ட், 6 லிட்டர் எம்-சாண்ட், 12 லிட்டர் ஜல்லி சேர்த்துக் கெட்டியாகக் கலந்து, வாளிக்குள்ளும் குழாய்க்குள்ளும் 18 செ.மீ. உயரம்வரை ஒரே மட்டமாக நிரப்ப வேண்டும். இந்த அளவுக் கான்கிரீட் ஏறத்தாழ முப்பது கிலோ வரும். மறுநாள் முதல் ஒரு வாரம் அதன்மேல் தண்ணீர் தேக்கி நீராற்றுங்கள்.

அதன்பின் செய்ய வேண்டியவை இரண்டு. கான்கிரீட் மட்டத்துக்குச் சற்று மேலே குழாயில் 8 மி.மீ. அளவில் நான்கு வடிதுளைகள் போட வேண்டும். வாளியின் மிச்ச உயரத்தைக் கான்கிரீட் மட்டத்தோடு அறுத்து எடுத்துவிட வேண்டும். இரண்டாவதைச் செய்யாமல் விட்டால் வடிந்த நீர் வாளியில் தேங்கிக் கொசு வளர்க்கும். மாடியில் வைப்பதானால் தட்டோட்டின் மேல் நேரடியாக வைக்காமல், இரண்டடிக் கடப்பைக் கல் துண்டின் மேல் வைத்து, குழாயின் மேற்பகுதியைக் கைப்பிடிச் சுவரோடு ஜிஐ கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுங்கள். அறுபது கிலோ எடையைச் சுவரை ஒட்டி, அடியில் வீட்டுச் சுவர் வரும் இடமாகப் பார்த்து வைப்பதே முறை.

நடுக்குழாய்

தண்ணீர்ச் சிக்கலுக்குத் தீர்வு 32 மி.மீ. நடுக்குழாயில் இருக்கிறது. இதில் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரித் துளை போடுவதுதான் பலரும் செய்யும் பிழை. குழாயில் நீர் நிரம்பி நிற்கும்போது அழுத்தம் அடியில்தான் அதிகம். ஆகவே அடித்துளைகள் பீய்ச்சும், மேல்துளைகள் கசியக்கூட மாட்டா. மேல் மூன்றில் ஒரு பங்கில் 5 செ.மீ.க்கு ஒரு வளையமாக நான்கு பக்கமும் 4 மி.மீ. துளை போடுங்கள். நடுப் பங்கில் 10 செ.மீ.க்கு ஒன்றாக எதிரெதிரே இரண்டு துளை போதும். அடிப் பங்கில் துளையே வேண்டாம். மேலிருந்து இறங்கும் ஈரமே அதற்குத் தாராளம். அடி மூடியில் மட்டும் 2 மி.மீ. துளை ஒன்று இருந்தால் நீர் தேங்கி நிற்காது. துளைகள் உள்ள பகுதியை நிழல்வலையால் இரண்டு சுற்றுச் சுற்றி நைலான் கயிற்றால் கட்டிவிடுங்கள். மேல்வாயிலும் வலைத்துண்டு ஒன்றைக் கட்டினால் கொசு இறங்காது.

கலவையும் நிரப்புதலும்

தோட்டத்து மண்ணை மட்டும் போட்டு நிரப்பினால் கோபுரம் செங்கல்லாகிவிடும். கரிசலாக இருந்தால் இன்னும் மோசம். காய்ந்ததும் குழாயை விட்டு விலகி நிற்கும், ஊற்றிய நீர் முழுவதும் அந்த இடுக்கு வழியே ஓடிப்போகும். இரண்டு பங்கு தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு சலித்த செம்மண் என்பது எனக்குப் பிடிபட்ட அளவு. ஒரு கோபுரத்துக்கு ஏறத்தாழ 23 லிட்டர் கலவை தேவைப்படும். அதோடு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கையும் தூளாக்கிச் சேர்க்கலாம்.

நார்த்தூளுக்கு நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை, பொள்ளாச்சி பக்கத்திலேயே இருக்கிறது. ஐந்து கிலோக் கட்டி ஒன்றை ஊறவைத்தால் அறுபது லிட்டருக்குக் குறையாமல் பொங்கும். நான்கு கோபுரங்களுக்கும் அது போதும். ஆனால் அதைக் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது. நார்த்தூளில் உப்பும், தேநீர் நிறத்தில் இறங்கும் துவர்ப்புப் பொருளும் இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, வடிநீர் வெளுக்கும்வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். மக்க வைத்த நார்த்தூள் கிடைத்தால் இன்னும் நல்லது. சிப்பிக் காளான் வித்தைக் கொண்டு அதை மக்க வைக்கும் முறையைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல காலமாகவே சொல்லிவருகிறது. எங்கள் ஊரில் கறிக்கோழிப் பண்ணை எரு மலிவாகக் கிடைக்கும் என்பதால் அதைப் போட்டுப் பார்க்கத் தோன்றும். மக்காத கோழி எரு குழாய்க்குள் சூடேறி வேரைச் சுட்டுவிடும். ஆறு மாதமாவது மக்கிய பிறகே அதைத் தொடலாம்.

கான்கிரீட்டின் மேல் வடிதுளைகளை மூடும்படி 7 செ.மீ. உயரத்துக்கு ஜல்லி, அதன் மேல் ஒரு வட்டம் நிழல்வலை, அதன் நடுவில் நேராக நிறுத்திய நடுக்குழாய் என்று தொடங்க வேண்டும். கலவையை ஒரு சாண் உயரத்துக்கு ஒருமுறை நிரப்பித் தண்ணீர் தெளித்து அமர விடுங்கள். கம்பியால் குத்தி இறுக்க வேண்டாம். ஒவ்வொரு வளையத்தை எட்டும்போதும் பையின் வாயில் ஒரு பிடி தேங்காய் நாரை அணைகட்டியதுபோல் வைத்துவிட்டு மேலே போங்கள். வேர் பிடிக்கும்வரை மண்ணை அந்த நார் தாங்கிக்கொள்ளும். நிரப்பி முடித்து இரண்டு நாள் விட்டால் கலவை ஐந்தாறு விரற்கடை இறங்கியிருக்கும். அதை மேலே நிரப்பிய பிறகுதான் நடவு.

நடவும் தண்ணீரும்

மாடிக் கோபுரத்துக்கு ஆடிப்பட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்று ஓய்ந்து, வடகிழக்குப் பருவமழை வரவிருக்கும் புரட்டாசியில் நட்டால் செடி சிரமமில்லாமல் வேர் பிடிக்கும்.

புதினாவுக்கு நாற்றுத் தேட வேண்டாம். சந்தையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டுகளாகப் பொறுக்கி, இலைகளைச் சமையலுக்கு உருவிக்கொண்டு, நுனியில் நான்கு இலை மட்டும் விட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி பைக்கு மூன்று தண்டு சாய்வாகச் செருகினால் பத்து நாளில் துளிர் எடுக்கும். பொன்னாங்கண்ணியும் கற்பூரவல்லியும் அதேபோல் தண்டிலிருந்தே வரும். வல்லாரை நிழலையும் ஈரத்தையும் விரும்புவதால் அடி வளையம் அதற்குரியது. சின்ன வெங்காயத்தைப் பைக்கு இரண்டாக ஊன்றினால் தாள் அறுத்துக்கொண்டே இருக்கலாம். மேல்வாயில் ஒரு மிளகாய்ச் செடி வைக்கலாம். தக்காளியும் கத்தரியும் இந்தப் பைகளுக்கு உரியவை அல்ல. காய்க்கும் என்று நம்பி இரண்டு பருவம் இழந்திருக்கிறேன்.

வெயில் எந்தப் பக்கம் படும் என்று சிலர் குழம்புவார்கள். நாம் இருப்பது ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில். ஆகவே சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம்வரை உச்சிவெயில் சற்று வடக்கிலிருந்து விழும். மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து விழும். கோபுரத்தைத் திருப்பாமலே எல்லாப் பைகளும் முறை வைத்து வெயில் பெறும். கவலை மேற்குப் பக்கத்துக்குத்தான். அங்கே கற்பூரவல்லியையும் பத்துமணியையும் வைத்துவிடுங்கள்.

தண்ணீரை நடுக்குழாயில் ஒரு குவளையும், மேல் மண்ணில் ஒரு குவளையுமாக ஊற்றி, வடிதுளையில் முதல் சொட்டு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். சொட்டு வருவதற்கு எத்தனை குவளை பிடித்தது என்பதை மாதம் ஒருமுறை எண்ணிக்கொண்டால், கார்த்திகைக்கும் பங்குனிக்கும் உள்ள வேறுபாடு கைக்குத் தெரிந்துவிடும். சொட்டுநீர் லைன் வீட்டில் இருந்தால் மணிக்கு 4 லிட்டர் தரும் சொட்டுவான் ஒன்றை மேல் மண்ணிலும், ஒன்றை நடுக்குழாயின் வாயிலும் விட்டு, அதேபோல் சொட்டு வரும் நேரத்தைக் கணக்கிடலாம். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் பைகளின் உதட்டில் வெள்ளையாகப் பொரிந்து நிற்பதைக் காண்பீர்கள். மாதம் ஒருமுறை மழைநீரையோ குடிநீரையோ வடிதுளையில் தாராளமாக ஓடும்வரை ஊற்றி அந்த உப்பைக் கழுவி இறக்க வேண்டும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஞ்சகவ்யம் கொடுக்கலாம். கொடுமுடி மருத்துவர் நடராஜன் விவசாயத்தில் பரவலாக்கிய அந்தக் கரைசலை லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி என்ற மூன்று சத அளவில் கலந்து, பனியன் துணியில் வடிகட்டிய பிறகே நடுக்குழாயில் ஊற்றுங்கள். வடிகட்டாவிட்டால் துளைகள் ஒரே மாதத்தில் அடைத்துக்கொள்ளும். ஏதேனும் ஒரு பையிலிருந்து எறும்பு வரிசையாக வரத் தொடங்கினால் மருந்தைத் தேடாதீர்கள். அந்த இடத்தில் மண் உள்ளே உலர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். அதற்கு நேரே உள்ள துளைகள் அடைத்திருக்கும். நடுக்குழாயை உருவிக் கழுவி மீண்டும் செருகினால் எறும்பு தானே போய்விடும்.

கீரை விதைப்பவர்களுக்கு நிற்கும் கோபுரம் ஒத்துவராது. அவர்கள் அதே குழாயைக் கிடத்தி, மேற்புறத்தில் 8 செ.மீ. அகலத்துக்கு நீள வாய் வெட்டிக்கொள்ளலாம். 40 செ.மீ.க்கு ஒருமுறை 10 செ.மீ. வெட்டாமல் பாலம்போல் விட்டால்தான் மண்ணின் பாரத்தில் வாய் பிளக்காது. இரு முனைகளிலும் மூடியைத் திருகாணியால் பொருத்துங்கள், சால்வென்ட் போட்டு ஒட்ட வேண்டாம்; என்றைக்காவது கழற்ற வேண்டியிருக்கும். வடிதுளைகளை அடிக்கோட்டில் போடாமல் அதற்கு ஒன்றரை செ.மீ. மேலே போட்டால் கொஞ்சம் நீர் அடியில் தங்கி வெயிலுக்கு உதவும்.

நார்த்தூள் மக்கி அமுங்குவதால் இரண்டு ஆண்டுகளில் கோபுரத்தின் மேல்மட்டம் ஒரு முழம் இறங்கிவிடும். அப்போது நடுக்குழாயை உருவி, கிளாம்பைக் கழற்றிக் கோபுரத்தை இருவராகச் சாய்த்து, மேல்வாய் வழியாகக் கலவையைக் கொட்டுங்கள். புதினா வேர் எல்லாப் பைகளையும் இணைத்து ஒரே தூணாகப் பின்னியிருக்கும் என்பதால் நீளமான கத்தியைப் பைகள் வழியே விட்டு அறுத்தால்தான் வரும். அந்தப் பழைய கலவை தென்னை மரத்தடிக்குப் போகட்டும். வேரில் ஒட்டிய தண்டுகளில் நல்லவற்றை ஈரத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டால், மறுநாள் நடவுக்கு அவையே போதும்.